ஜாங்கிரிக்காகத் திறந்த வாசல்

என் மகள் தன் சிறுவயதில் நடந்த ஒரு நாளைத் தோழிகளிடம் அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். மாடு, கேமரா, திருமலைப் படிகள், அவளுடைய மாமா என்று எல்லாம் அதில் வரும். நன்றாகவே சொல்வாள். ஆனால் அந்த நாளில் பாதிதான் அவளுக்குத் தெரியும். மீதி என்னிடம் இருக்கிறது.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. சித்தூரின் ஓரத்தில் எங்கள் வீடு. நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டியில் வேலை பார்க்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் ஒரே ஒரு ஜெர்ஸி கலப்புக் கிடாரி. அதற்கு ஜாங்கிரி என்று பெயர் வைத்தவள் மகள்தான். நிறம் அப்படி, குணமும் அப்படியே என்பாள். எங்கள் இருவரையும் அது முட்ட வரும். அவளிடம் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்து, திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பிழைத்து வந்தால் அலிபிரியிலிருந்து நடந்தே கூட்டிப்போய்ச் சாமி முன்னால் நிறுத்துகிறேன், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மாங்காய் சீசன் முடிந்து கணவருக்கு ஓய்வு கிடைத்து, எனக்கும் லீவு கிடைத்து, ஒருவழியாக நாள் அமைந்தபோது ஜாங்கிரி நிறைசினை. கன்று போட இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்றார் மாட்டு டாக்டர். ஒரே நாளில் போய்விட்டு வந்துவிடலாம் என்று நாங்கள் கணக்குப் போட்டோம்.

மகள் வரமாட்டேன் என்றாள்.

"நீ வேண்டிக்கினே, நீ போ. ஜாங்கிரிக்கு இது மொத ஈத்து. நான் இல்லைன்னா பயந்துடும்."

யாருக்காக வேண்டுதலோ அவளே வராமல் எப்படி என்று கெஞ்சினேன். எதிர்வீட்டு அக்கா, எத்தனையோ மாடுகளுக்குப் பிரசவம் பார்த்தவர், காலையிலும் சாயந்திரமும் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். நடுவில் ஏதாவது ஆனால் என்று மகள் கேட்டாள். பதிலை அவளே கண்டுபிடித்தாள்.

நகரியில் பவர்லூம் வைத்திருக்கும் என் தம்பி, தன் தறி ஷெட்டுக்குப் புதுக் கேமராக்கள் மாட்டியபோது, பழைய கேமரா ஒன்றையும் அதன் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியையும் எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அதைத் தூசி தட்டி எடுத்தாள். கேமராவைக் கொட்டகையின் முன் உத்திரத்தில், உள்ளே பார்த்தபடி ஓர் ஆணியில் மாட்டினாள். பெட்டியை ரவுட்டரோடு இணைத்தாள். வீட்டு டிவியில் ஜாங்கிரி அசைபோடுவது தெரிந்தது. அதுவரை எனக்கும் மகிழ்ச்சிதான். மலையில் இருந்துகொண்டே போனில் இதைப் பார்க்க வேண்டும், அதற்கு ரவுட்டரில் ஒரு வழி திறக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோதுதான் ரவுட்டரை மறைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் ரவுட்டரை யாரும் தொடுவதில்லை. சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அது வீற்றிருக்கும். பச்சை விளக்கு எரிந்தால் நிம்மதி. சிவப்பு எரிந்தால் கேபிள்காரருக்கு போன். இரண்டுக்கும் நடுவில் எங்களுக்கு வேறு எதுவும் தெரியாது. அதற்குள் போய் அவள் எதையாவது மாற்றினால் அது கோபித்துக்கொள்ளும் என்றே நான் நம்பினேன்.

"பயப்படாத மா. நைனாவோட மண்டி கேட்டு மாதிரிதான் இது" என்றாள். "வெளியில இருந்து லாரி வந்தா கேட்டுல நிக்கிறவரு 'எந்தக் கடைக்கு?'ன்னு கேப்பாருல்ல? கடை நம்பர் சொல்லாத லாரி திரும்பிப் போவணும். ரவுட்டரும் அப்படித்தான், வெளியில இருந்து வர்றவங்கள உள்ள விடாது. நான் அதுகிட்ட, இந்த நம்பர் சொல்லிக்கினு யாராவது வந்தா நேரா கேமரா பெட்டிக்கு அனுப்புன்னு எழுதி வெக்கிறேன். வேற எந்தக் கடைக்கும் அனுப்பாது. இதுக்குப் பேருதான் போர்ட் ஃபார்வர்டிங்."

மண்டியில் வேலை பார்க்கும் கணவர், நன்றாகப் புரிந்துவிட்டதுபோல் தலையாட்டினார். நான் கேட்டேன்: "யாரு வேணும்னாலும் அந்த நம்பரைச் சொல்லிக்கினு வரலாமே?"

"அதுக்குத்தான் மொத வேலையா பாஸ்வேர்டை மாத்தினேன். மாமா வெச்சிருந்தது ஒன்னு ரெண்டு மூணு நாலு. ஊரே எண்ணும்."

எல்லாம் எழுதி முடித்தும் வேலை செய்யவில்லை. வீட்டுக்குள்ளேயே வைஃபையில் சோதித்துப் பார்த்தால் சரியாகச் சொல்லாது என்று, மொபைல் டேட்டாவைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடிப்போய்ப் பார்ப்பாள். உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவாள். கடைசியில் காரணத்தைப் பிடித்தாள். வெளியுலகத்துக்கு எங்கள் வீட்டுக்கென்று தனி முகவரியே இல்லை; கேபிள்காரர் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றைத்தான் கொடுத்திருந்தார். கேட்டு சரியாக இருந்து என்ன, லாரி தெருவுக்கே வர முடியவில்லை.

அவளே அவருக்கு போன் செய்தாள். எதிர்முனையில் சிரிப்பு.

"பாப்பா, நான்னகு போன் இவ்வம்மா."

அப்பாவிடம் கொடு என்கிறார். அவள் கொடுக்கவில்லை. எங்களுக்கு மட்டும் தனி முகவரி வேண்டும் என்று தெலுங்கில் விளக்கினாள். அவர் எதற்கு என்று கேட்டார். சொன்னாள்.

"ஆவு கோசமா?" பசு மாட்டுக்காகவா என்று அவர் கேட்ட கேள்வி போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, மாடு கன்று போடும்வரை வைத்துக்கொள் என்று ஒன்றைக் கொடுத்தார். அன்று சாயந்திரம் தெருமுனையிலிருந்து அவள் போட்ட கூச்சலில் நாய்கள் எழுந்து ஓடின. போன் திரையில் ஜாங்கிரி வாலை வீசிக்கொண்டு நின்றது. மறுநாள் பள்ளியில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

பெட்டி என்னுடையது, எனக்கும் காட்ட வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். பார்க்க மட்டும் முடிகிற மாதிரி அவனுக்கு ஒரு கணக்கு வைத்துக் கொடுத்தாள். அங்கேதான் வினை.

முதல் பஸ்ஸில் திருப்பதி போய், அலிபிரியில் ஏறத் தொடங்கினோம். நான் படிக்குப் படி குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனதால் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் முன்னால் போய்விட்டார்கள். குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு மகள் கூடவே வந்தாள். ஒரு கையில் சிமிழ், மறு கையில் போன். 'கோவிந்தா' என்று எல்லோரும் சொல்லும்போது அவளும் சொல்வாள், திரையைப் பார்த்தபடி.

பாதி வழியில், காலி கோபுரம் என்ற இடத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தபோது அவள் கை நின்றது.

"மா, ஜாங்கிரி படுக்குது, எழுந்துக்குது. திரும்பப் படுக்குது."

எனக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். "இப்பவேவா? இரு, போய்ப் பாக்கறேன்" என்றார். சற்று நேரத்தில் அவர் கொட்டகைக்குள் வந்து மாட்டைத் தடவிக் கொடுப்பது திரையில் தெரிந்தது. மகள் முகம் தெளிந்தது. எழுந்து நடந்தோம். கணவர் முன்னால் போய்க்கொண்டே, தரிசன டோக்கனில் போட்டிருக்கும் நேரத்தை இரண்டு முறை நினைவுபடுத்தினார்.

செங்குத்தான கடைசிப் படிகள் தொடங்கும் இடத்தில் அவள் மறுபடி நின்றாள்.

"மா... ஜாங்கிரியக் காணோம்."

போனை வாங்கிப் பார்த்தேன். கொட்டகை இல்லை. அக்கா இல்லை. திரை முழுவதும் கத்திரிப்பூ நிறம், மங்கலாக. அவ்வளவுதான். அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது; எடுக்கவில்லை. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. சிமிழ் உருண்டு குங்குமமெல்லாம் கொட்டியது.

தம்பியிடமிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது; ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் தறிகள் ஓடும் சத்தம், ஆட்கள் பேசும் சத்தம்.

"பாப்பா, உங்க ரவுட்டரு புட்டுக்கிச்சு. எங்க ஷெட்லயும் ஒரு தபா இப்படித்தான் கலரு கலரா வந்துச்சு."

"அப்புறம் இன்னா பண்ணே மாமா?"

"தட்டினேன். அப்பவும் வரல. புதுசு வாங்கிட்டேன்."

"மாமா, கொஞ்ச நேரம் சும்மா இரு."

அவள் தன் போனில் கேபிள்காரரைக் கூப்பிட்டாள். "செப்பு, ஆவு பாப்பா!" சொல்லு, மாட்டுப் பாப்பா என்று அவர் எடுத்தார். லைன் நன்றாக இருக்கிறது, கரண்ட் போகவில்லை, முகவரி மாறவில்லை என்று பார்த்துச் சொன்னார். நன்றி சொல்லி வைத்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து திரையின் மூலையைக் காட்டினாள்.

"இங்க பாரு மா. டைம் ஓடுது. ஒவ்வொரு நொடியும் ஓடுது. லைன் அறுந்திருந்தா இது நின்னுடும். அப்போ ரவுட்டர் சரி. நான் தொறந்த வழி சரி. பெட்டி சரி. கேமராவும் சரி. கேமராவுக்கு முன்னாலதான் ஏதோ வந்துக்கீது."

ஒவ்வொன்றாகச் சரிபார், சரியானதை ஒதுக்கு, மிச்சம் நிற்பதுதான் தப்பு என்று வருடக்கணக்காக நான் கரும்பலகை முன்னால் நின்று கத்தியிருக்கிறேன். அதை ஒரு குழந்தை மலைப்படியில் உட்கார்ந்து, பதறாமல், எனக்கே செய்துகாட்டும் என்று நினைத்ததில்லை. அழுதுகொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு மூலையில் கர்வம் எட்டிப் பார்த்தது. அதை மறைக்க முடியாது.

அப்போது கத்திரிப்பூ நிறம் லேசாக அசைந்தது. காற்றாக இருக்க வேண்டும். விலகி, மடங்கி, மறுபடி மூடியது. மடங்கிய அந்த ஒரு நொடியில் மஞ்சள் கரை தெரிந்தது. கரையில் வரிசையாக மாங்காய்கள்.

என் போனில் இன்னும் தொடர்பில் இருந்த தம்பி கத்தினான். "யக்கா! அது என் தறியில ஓடின பார்டரு! நம்ம சேலை!"

நான் பொங்கலுக்கு எதிர்வீட்டு அக்காவுக்கு எடுத்துக் கொடுத்த சேலை.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தம்பியின் குரல் திடீரென்று தணிந்தது. "அது வந்து... நான் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு போன் போட்டேன். வாளி மறைச்சிக்கினு இருந்துச்சு, தள்ளி வையின்னு சொன்னேன். உனுக்கு எப்படிடா தெரியும்னு கேட்டுச்சு. ஷெட்ல பெரிய டிவியில போட்டு ஆளுங்க எல்லாரும் பாத்துக்கினு கீறோம்னு சொன்னேன். வெச்சிடுச்சு."

மகளுக்குப் புரியவில்லை. "அதுக்கு ஏன் சேலை?"

மாடு கன்று போடும்போது நாலு பேர் பார்க்கக் கூடாது, கண் படும் என்று எங்கள் பக்கம் கொட்டகை வாசலில் சாக்கோ துணியோ கட்டிவிடுவார்கள். அக்காவும் கட்டிவிட்டார். முன் உத்திரத்தில் கைக்கு வாட்டமாக இருந்தது கேமரா மாட்டிய ஆணிதான். நகரியின் ஒரு தறி ஷெட் முழுவதும் எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்த பிறகு அவர் வேறு என்ன செய்வார்?

புரிந்தது. ஆனால் சேலைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது புரியவில்லை. முதல் ஈத்து. கன்று திரும்பியிருந்தால்? அக்கா ஒருத்தியாக என்ன செய்வார்? அவர் போனை எடுக்காதது கை வேலையாக இருப்பதாலா, வேறு எதனாலா? மிச்சப் படிகளுக்கு நான் வெறும் மஞ்சள்தான் வைத்தேன்.

திருமலையில் க்யூவுக்குள் போன் கொண்டுபோக முடியாது. கவுண்டரில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். டோக்கன் நேரம் வந்துவிட்டது. கணவர் தன் போனைக் கொடுத்தார், என்னுடையதைக் கொடுத்தார், மகளிடம் கையை நீட்டினார். அவள் போனை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"நீங்க போங்க நைனா. நான் இங்கயே உக்காந்துக்கினு இருக்கேன்."

"வேண்டுதலே உனக்காகத்தான்டி! அந்தச் சேலையப் பாத்துக்கினு இருந்தா கன்னு வந்துடுமா?"

"சேலை எடுத்தா பாக்கணும்ல."

கணவர் என்னைப் பார்த்தார். இவளை அதட்டி உள்ளே இழுக்க வேண்டியவள் நான்தான், வேண்டிக்கொண்டவள் நான். அவள் முகத்தைப் பார்த்தேன். "உக்காரலாம்" என்றேன். "சாமி எத்தனை காலமா நின்னுக்கினு இருக்காரு. இன்னும் கொஞ்ச நேரம் நிப்பாரு."

கவுண்டருக்கு எதிரே ஓரமாக உட்கார்ந்தோம். ஒரு சிறு திரை, மூன்று தலைகள். சேலை அசையும், நிற்கும். மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. கணவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டோக்கன் நேரத்தைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

எவ்வளவு நேரம் ஆனதோ. கத்திரிப்பூ நிறம் சட்டென்று மேலே போனது. வெளிச்சம். கொட்டகை. ஜாங்கிரி நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் ஈரமாக, காதுகள் மடிந்து, ஒரு கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. ஜாங்கிரி அதை நக்கி நக்கி எழுப்பியது.

மகள் கத்திய கத்தலில் கவுண்டர்காரர் எழுந்துவிட்டார்.

திரையில் அக்கா வந்தார். புடவையை வரிந்து கட்டியிருந்தார். கையில் மிளகாயும் உப்பும். கன்றுக்குச் சுற்றினார். ஜாங்கிரிக்குச் சுற்றினார். பிறகு நிமிர்ந்து கேமராவை ஒரு முறை முறைத்துவிட்டு, அதற்கு எதிரேயும் கையை நீட்டிச் சுற்றி, மூன்று முறை துப்பினார். அதாவது எங்களுக்கு, என் தம்பிக்கு, நகரியின் தறிக்காரர்கள் அத்தனை பேருக்கும். கணவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் எழுந்து போய்த் தானாகவே போனைக் கவுண்டரில் கொடுத்தாள். நேரம் தவறியதற்கு வாசலில் நின்றவர் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் உள்ளே விட்டார்.

வீடு வந்து சேர்ந்ததும் அக்கா எங்களைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மே, பொம்பளைக்குப் பிரசவம்னா டிவியில போடுவீங்களா? மாடுன்னா மட்டும் கேவலமா?" மகள் சீம்பாலில் முதல் பங்கை அவருக்குக் கொடுத்துச் சமாதானம் பேசினாள்.

அன்று ரவுட்டரையும் பெட்டியையும் அவள் சரிபார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். திரையில் வரிசை வரிசையாக எண்கள். வழி திறந்திருந்த அந்தச் சில நாட்களில் எங்கெங்கிருந்தோ யார் யாரோ அந்த வாசலுக்கு வந்து, பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தெருவின் பெயர்கூடத் தெரியாதவர்கள். நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையில் இருந்த நேரத்திலும்.

"தட்டியிருக்காங்க மா" என்றாள். "தொறக்கல. அவ்ளோதான்." நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, எழுதி வைத்திருந்த வழியை அழித்தாள். "கன்னுதான் பொறந்துடுச்சே. இனிமே இது எதுக்கு?"

திறக்கத் தெரிந்தவள் என்று பள்ளியில் பெருமை பேசியிருந்தேன். மூடவும் தெரிந்தவள் என்று அன்றுதான் கண்டேன். இரண்டாவதுதான் பெரியது.

படுக்கும்போது கேட்டாள். "மா, படியில உக்காந்து ஏன் அப்படி அழுத? லைன் நல்லா கீதுன்னு நான்தான் சொன்னேனே. டைம் ஓடிக்கினு இருந்துச்சே."

கால் வலி என்றேன். நம்பிவிட்டாள். இன்றும் அந்தக் கதையில் 'எங்கம்மா கால் வலியில அழுதுட்டாங்க' என்றுதான் சொல்கிறாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அவளுக்கு ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனபோது, நர்ஸ்கள் ஓடிவந்து அவள் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணியை இழுத்து மூடினார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். துணி அசையும், உள்ளே யாருடைய முழங்கையோ பட்டு விலகும், கீழே செருப்புக் கால்கள் மட்டும் தெரியும். உள்ளே ஏதோ ஓர் இயந்திரம் விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் துணி விலகியபோது அவள் கண்ணைத் திறந்து என்னிடம் தண்ணீர் கேட்டாள். அது அவளுக்கு நினைவில்லை.

ஓடுகிற நொடிகளைக் காட்டி, "பாரு மா, லைன் அறுந்திருந்தா இது நின்னுடும்" என்று சொல்ல, அன்று என் பக்கத்தில் யாரும் இல்லை. சொல்லத் தெரிந்தவள் துணிக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.